மானிடைசேஷன்: துட்டு வந்துச்சா, இல்லையா?

காசிமேட்டில் இருக்கும் என் அக்கா மகன், மீன்பிடித் துறைமுகத்தின் விடிகாலை ஏலத்தைப் படமெடுத்து யூடியூபில் போடுகிறான். ஒருநாள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "மாமா, மானிடைஸ் ஆயிடுச்சு!"

வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா நிமிர்ந்து, "துட்டு வந்துச்சாடா?" என்றார்.

"இல்ல ஆயா, இனிமேதான் வரும்."

"அப்ப என்னாத்துக்கு இந்தக் குதி குதிக்கிற?"

நியாயமான கேள்வி. மானிடைஸ் ஆவது வேறு, காசு வருவது வேறு. சேனலுக்கு 1000 பேர் சேர்ந்து, கடந்த 12 மாதத்தில் 4000 மணி நேரம் பார்க்கப்பட்டிருந்தால், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் ஒரு கோடி முறை பார்க்கப்பட்டிருந்தால், விளம்பர வருமானத்தில் பங்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். யூடியூப் பரிசீலித்துச் சம்மதிக்கிறதே, அதைத்தான் பையன்கள் 'மானிடைஸ் ஆயிடுச்சு' என்கிறார்கள். அதன்பிறகு 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண் தபாலில் வரும். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்குக் கிளம்பும்.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? பழைய ரோமில் கேபிடோலின் குன்றின் மேல் ஜூனோ மொனேட்டா என்ற தேவதைக்குக் கோயில் இருந்தது. நாணயம் அடித்தது அந்தக் கோயிலை ஒட்டித்தான். அதனால் 'மொனேட்டா' என்ற பெயரே நாணயச்சாலைக்கும், பிறகு நாணயத்துக்கும் ஆகிவந்தது. ஆங்கிலத்தின் 'மனி', 'மின்ட்' இரண்டும் அந்த வேரில் முளைத்தவை. 'மானிடைஸ்' என்ற வினைக்கு முதலில் இருந்த பொருள், உலோகத்தை நாணயமாக்கிச் செலாவணிக்கு விடுவது. ஒரு பொருளையோ சேவையையோ வருமானம் தரும்படி செய்வது என்ற பொருள், இணையம் வந்த பிறகுதான் இப்படிப் பரவியது.

சென்னைக்காரர்களுக்கு இந்தக் குடும்பம் அந்நியமில்லை. சவுகார்பேட்டை வழியே போகும் மின்ட் தெருவும் மானிடைசேஷனும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் நாணயச்சாலை இருந்த இடம் என்பதால் அந்தப் பெயர். தமிழில் அதைத் தங்கசாலை என்றார்கள். அதற்கும் பழைய சொல் அக்கசாலை. பாண்டியர் துறைமுகமான கொற்கைக்குப் பக்கத்தில் அந்தப் பெயரிலேயே ஊர் இருக்கிறது. அம்மா சொன்ன துட்டுகூட ஒரு நாணயத்தின் பெயர்தான், டச்சுக்காரர்களின் செப்புக்காசு.

தமிழில் இந்தச் சொல்லின் எதிர்ப்பதம்தான் முதலில் வீடு வீடாகப் போனது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றதும், 'டிமானிடைசேஷன்' பத்திரிகைகளில் 'பணமதிப்பிழப்பு' ஆனது. நோட்டுக்கு அது பொருந்தும். வீடியோவுக்குப் பொருந்தாது. யூடியூபர்கள் 'டிமானிடைஸ் பண்ணிட்டாங்க' என்பது, வீடியோ பக்கத்தில் இருக்கும் பச்சை டாலர் குறி மஞ்சளாகி விளம்பரம் குறைந்துபோவதை, அல்லது அடியோடு நின்றுபோவதை. அதை 'சேனல் பணமதிப்பிழப்பு' என்று எழுதினால், ஏடிஎம் வாசலில் நின்ற வரிசைதான் கண்முன் வரும். 'விளம்பர வருவாய் நிறுத்தம்' என்றால் போதும்.

மானிடைசேஷனுக்கு 'பணமாக்கல்' என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒட்டவில்லை. நகையைப் பணமாக்கினேன் என்றால் நகை கையை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். வீடியோ எங்கும் போவதில்லை. அங்கேயே இருந்துகொண்டு மாதாமாதம் சம்பாதித்துக் கொடுக்கிறது. வள்ளுவர் இதை இரண்டாகப் பிரித்திருக்கிறார். 'இயற்றலும் ஈட்டலும் காத்தலும்' என்று தொடங்கும் 385ஆம் குறளில், இயற்றல் என்பதற்குப் பொருள் வரும் வழிகளை மேன்மேலும் உண்டாக்குவது என்றுதான் பரிமேலழகர் உரை சொல்கிறார். ஈட்டல் அப்படி வந்ததைச் சேர்ப்பது. அக்கா மகனுக்கு நடந்தது முதலாவது. அம்மா கேட்டது இரண்டாவது. 'வருவாய் இயற்றல்' என்று இன்று சொன்னால் யாருக்கும் புரியாது என்பதால், வழி திறப்பதை 'வருவாயாக்கம்' என்றும், காசு சேர்வதை 'வருவாய் ஈட்டல்' என்றும் வைத்துக்கொள்வேன். பேச்சில் 'சேனலுக்கு வருமானம் திறந்துடுச்சு' என்றாலே போதும்.

கூட வரும் சொற்களிலும் சிக்கல் உண்டு. 'சப்ஸ்கிரைபர்' என்பதைச் சந்தாதாரர் என்கிறோம். சந்தா என்றால் கட்டும் பணம். சப்ஸ்கிரைப் பட்டனை அமுக்குகிறவர் பத்து பைசா கட்டுவதில்லை. மாதம் பணம் கட்டி 'மெம்பர்' ஆகிறவர்தான் உண்மையில் சந்தாதாரர். அவர் கட்டுவதில் 70 சதவீதம் சேனலுக்கு வருகிறது. நேரலையில் தரும் சூப்பர் சாட்டுக்கும் அதே கணக்கு. வீடியோ விளம்பரத்தில் 55, ஷார்ட்ஸில் 45. மெம்பர்ஷிப்பும் சூப்பர் சாட்டும் 500 பேர் சேர்ந்த சேனலுக்கே கிடைக்கலாம். 2023இல் அந்த வரம்பைக் குறைத்தார்கள். 'ஸ்பான்சர்' என்பதற்குப் புரவலர் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். புரவலர் பாட்டுக்குப் பரிசில் கொடுத்தவர். இவர் தன் மசாலாப் பொடியை நாற்பது விநாடி காட்டச் சொல்கிறவர். விளம்பரதாரர் என்பதே நேர்மை. 'அஃபிலியேட்' என்றால் நம் லிங்க் வழியாக யாராவது வாங்கினால் கிடைக்கும் கமிஷன். தரகு என்ற நல்ல சொல் இருக்கிறது, ஆனால் வீட்டுத் தரகர் ஞாபகம் வரும் என்று பையன் முகம் சுளித்தான்.

பின் எண் தபால் போன வாரம் வந்தது. அம்மா அதைச் செக் என்று நினைத்து, பிரிக்காமலே ரேஷன் கார்டோடு சேர்த்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பையன் மூன்று நாளாகத் தபால்காரரை விசாரித்துக்கொண்டிருந்தான்.