மத்தி மீனும் மத்தி கருவாடும் ஒண்ணு இல்ல

எங்க அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சு வீட்டுக்கு கூட்டிட்டு வந்ததும் நாங்க செஞ்ச முதல் காரியம் மீன நிறுத்துனதுதான். கவிச்சி ஆகாதுன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க, அம்மாவும் சரின்னுட்டாங்க. கடலூர் துறைமுகத்து பக்கத்துலயே பொறந்து வளந்த மனுஷனுக்கு மீன் இல்லாம சோறு எறங்குமா, அதனால ரசத்துக்கு தொட்டுக்க ரெண்டு அப்பளம், மாங்கா ஊறுகா, எப்பவாச்சும் ஒரு துண்டு சுட்ட கருவாடு. எண்ணெய் இல்லையே, நல்லதுதானேன்னு நெனச்சோம். பத்தே நாள்ல கால் வீங்கிடுச்சு. கணுக்காலுக்கு மேல வெரலால அழுத்துனா குழி அப்படியே நிக்குது, ராத்திரி படுத்தா மூச்சு முட்டுதுன்னு எழுந்து உக்காந்துடுறாரு.

ஏன் இப்படி ஆச்சுங்கறது கருவாட்டுலயே இருக்கு. கருவாடு போடுறவங்க மீன கீறி குடல எடுத்துட்டு கல்லுப்ப அள்ளி திணிச்சு அடுக்கி வச்சா கொஞ்ச நேரத்துல அடியில தண்ணி ஊறி நிக்கும், பாத்திருப்பீங்க. உப்பு எங்க இருக்கோ தண்ணி அங்க போகும். மீனுக்குள்ள இருந்த தண்ணி அப்படித்தான் வெளிய வருது, தண்ணி இல்லன்னா கிருமி வளராது, மீன் கெடாது. அதே உப்ப நாம சாப்பிட்டா அது ரத்தத்துல கலந்து, அங்க தண்ணிய புடிச்சு வச்சுக்குது.

நல்லா இருக்கற ஒடம்புல கிட்னி கூடுதல் உப்பையும் தண்ணியையும் வெளிய தள்ளிடும். ஆனா அட்டாக்ல இதயத்தோட தசை கொஞ்சம் செத்துப்போயி, எக்கோங்கற இதய ஸ்கேன்ல பம்பிங் 40 சதவீதம்தான் இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னா (சாதாரணமா 50-க்கு மேல இருக்கணும்) கிட்னிக்கு போற ரத்தம் கொறையுது. கிட்னி அத தப்பா புரிஞ்சுக்குது, ஒடம்புல தண்ணி பத்தலன்னு நெனச்சு இருக்கற உப்பையும் தண்ணியையும் விடாம சேத்து வைக்குது. ஏற்கனவே களைச்சுப்போன பம்புக்கு இன்னும் தண்ணி. அது தள்ள முடியாம தேங்கி கால்ல வீக்கமா எறங்குது, நுரையீரல்ல தேங்குனா மூச்சு முட்டுது. அதனாலதான் டாக்டர் தெனமும் காலைல எடை பாக்க சொன்னாரு, மூணு நாள்ல 2 கிலோ ஏறுனா அது சத புடிக்கல, தண்ணி, ஒடனே ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணணும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கும் கீழ, அதாவது ஒரு டீஸ்பூன் கூட முழுசா இல்ல. சாம்பார்ல போடுறது நமக்கு தெரியும், தெரியாம போறதும் இருக்கு. அப்பளத்துல உப்பு மட்டுமில்லாம அப்பளக்காரமும் இருக்கு, அதுவும் உப்புல இருக்கற அதே சோடியம்தான், போண்டாவுல போடுற சோடா உப்பும் அப்படித்தான். நாக்குல கரிக்காது, ஆனா ரத்தத்துல வேலைய காட்டும். கருவாட்ட ஊறவச்சு கழுவுனா உப்பு ஓரளவு போகும், ஆனா உள்ள ஏறுனது முழுசா போகாது.

நாங்க நிறுத்தின பச்சை மீனுதான் நல்லது. மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய் மீன்ல இருக்கற ஒமேகா 3 ரத்தத்துல டிரைகிளிசரைடுங்கற கொழுப்ப கொறைக்கும், வாரத்துக்கு ரெண்டு வாட்டி மீன் சாப்பிடலாம்னு அமெரிக்க இதய சங்கமே சொல்லுது. மத்தி வெல கம்மிங்கறதால மட்டமா பாக்காதீங்க, வஞ்சிரத்துக்கு அது எந்த விதத்துலயும் கொறஞ்சது இல்ல. ஆனா கொழம்பா வச்சு சாப்பிடணும், முக்கி எடுத்து பொரிச்சா அந்த எண்ணெயும் சேந்து உள்ள போயிடும்.

கூடவே பருப்பு, சுண்டல், வெண்டக்கா, கத்திரிக்கா. கல்லீரல் கொலஸ்ட்ரால வச்சுதான் பித்தநீர் தயாரிக்குது, அது கொடலுக்கு வந்து கொழுப்ப கரைச்சுட்டு பெரும்பாலும் திரும்ப கல்லீரலுக்கே போயிடும். வெண்டக்காயோட வழவழப்பு மாதிரி தண்ணில கரையற நார்ச்சத்து அதுல கொஞ்சத்த புடிச்சு மலத்தோட வெளிய கொண்டு போயிடுது. அப்ப கல்லீரல் புதுசா தயாரிக்க ரத்தத்துல இருக்கற எல்.டி.எல்-ங்கற கெட்ட கொலஸ்ட்ரால இழுத்துக்கும். கொலஸ்ட்ரால் மாத்திரை செய்யற அளவுக்கு இது செய்யாது, அதனால மாத்திரைய நிறுத்திடாதீங்க, ஆனா நெசமாவே கொறைக்கும்.

இன்னொண்ண அழுத்தி சொல்லணும். கடைல சோடியம் கம்மியான உப்புன்னு விக்கறாங்க, அதுல சோடியத்துல ஒரு பங்குக்கு பதிலா பொட்டாசியம் இருக்கும். இதயத்துக்கு கொடுக்கற ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மாத்திரை சாப்பிடறவங்க, கிட்னி சரியில்லாதவங்க ஒடம்புல பொட்டாசியம் தங்கிடும், அளவு மீறுனா இதயத் துடிப்பே தாறுமாறாயிடும். டாக்டர கேக்காம வாங்காதீங்க. தெனம் எளநீ குடிக்கறதுக்கும் இதே பேச்சுதான், அதுலயும் பொட்டாசியம் ஜாஸ்தி.

அம்மா இப்ப கொழம்புல உப்ப பாதியாக்கிட்டு புளியும் மாங்காயும் கூட போடுறாங்க, புளிப்பு இருந்தா உப்பு கொறஞ்சது அவ்வளவா தெரியல. மொத ரெண்டு வாரம் அப்பா தட்ட தள்ளி வச்சிட்டு எழுந்துட்டாரு, எனக்கு அழுகையே வந்துச்சு. நாக்கு பழக சில வாரம் ஆகும், பழகிடும். போன மாசம் ஒரு கல்யாணத்துல சாம்பார் ஊத்துனாங்க, ஒரு வாய் வச்சிட்டு என்னடா இது இப்படி கரிக்குதுன்னு என்ன பாத்தாரு.