ஒரே பெயரில் இரண்டு கார்டு: கிராஃபிக்ஸ் கார்டு வாங்குமுன்

கணினி ஆட்டங்களின் படத்தைத் திரைக்குத் தருவது கிராஃபிக்ஸ் கார்டு. சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் என்விடியாவின் "ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ" என்று மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள். அந்தப் பெயரில் 8 ஜிபி நினைவகம், 16 ஜிபி நினைவகம் என இரண்டு கார்டுகள் இருக்கின்றன. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியும் அப்படித்தான். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் 8 ஜிபி.

கார்டின் நினைவகம் நிரம்பினால் மிச்சத் தரவு கணினியின் பொது நினைவகமான ராமுக்கு (RAM) போகும். 5060 டிஐ தன் நினைவகத்தை நொடிக்கு 448 ஜிபி வேகத்தில் படிக்கும். ராமிலிருந்து எடுக்கவோ, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ வழியைத்தான் நம்பவேண்டும். இந்தக் கார்டுக்குத் தரவு செல்ல 8 தடங்களே உண்டு. பி450 போன்ற பழைய பிசிஐஇ 3.0 மதர்போர்டில் அது நொடிக்கு ஏறக்குறைய 8 ஜிபிதான். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) நன்றாகத் தெரியும், ஆட்டமோ விட்டுவிட்டுத் திக்கும். சில ஆட்டங்களில் வரும் சுவரும் தரையும் மங்கலாகவே நிற்கும். பழைய போர்டு வைத்திருப்பவர்களுக்கு 16 தடங்கள் உள்ள 9060 எக்ஸ்டி 16 ஜிபியே மேல்.

1080பி தெளிவுள்ள திரையில் வேலரண்ட், டோட்டா 2 மட்டும் விளையாடுவோருக்கு 8 ஜிபி தாராளம். அதைவிடத் தெளிவான 1440பி என்றால் 12 ஜிபிக்குக் குறைந்து வாங்குவது வீண்செலவு என்பேன்.

அடுத்தது மின்சாரம். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட், ஒவ்வொரு 8 பின் கேபிளும் 150 வாட் வரை தரும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டிக்கு 304 வாட் வேண்டும். ஒரே கேபிளின் இரட்டை முனைகளை மாட்டாமல் தனித்தனிக் கேபிள் இழுங்கள். பழைய பவர் சப்ளையின் கேபிளைப் புதியதில் செருகவே கூடாது. கார்டுப் பக்கம் சரியாகப் பொருந்தும். சப்ளைப் பக்கப் பின் வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடலாம், கார்டு கருகிவிடக்கூடும். 16 பின் இணைப்பு என்றால் இடைவெளி தெரியாதபடி அழுத்திச் செருகி, முனையை ஒட்டியே வளைக்காமல் விடுங்கள்.

ஏர்கான் போடாத வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு அறையில் பிற்பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும். அறை எவ்வளவு சூடேறுகிறதோ, கார்டும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியான கேஸ் அழகுதான், காற்றுக்கு வழி குறைவு. வலைமுகப்பு கேஸ் தேடுங்கள். கார்டு உள்ளே அடங்குமா என்று கேஸின் நீளத்தை முன்விசிறி வரைக்கும் அளந்து பாருங்கள்.

பழைய பொருள் விற்கும் கரோசெல் தளத்தில் தனியாரிடம் வாங்கினால், பழுதான பொருளுக்குக் கடையைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டம் துணைக்கு வராது. கடையில் வாங்கியது 6 மாதத்துக்குள் பழுதானால், தரும்போது நன்றாக இருந்தது என்று கடைதான் காட்டவேண்டும். பழைய கார்டுக்கு ரசீதும் வரிசை எண்ணும் கேளுங்கள். கால்மணி நேரமாவது ஆட்டம் ஓட்டிப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

மாட்டி முடித்தபின் திரையின் கேபிளை மதர்போர்டில் அல்ல, கார்டிலேயே செருகுங்கள். நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் திரையை விண்டோஸ் 60இலேயே விட்டிருக்கக்கூடும். டிஸ்ப்ளே அமைப்பில் அதையும் மாற்றுங்கள்.