தேசிக்காய்ப் புளிக்குத் திரையும் பால், உறைமோருக்கு ஏன் தயிராகிறது?

மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி அனுப்பிய கேள்வி இது. "சேர், காய்ச்சின பாலுக்குள்ள தேசிக்காய்ப் புளி விட்டா கட்டி வேற தண்ணி வேறயாத் திரைஞ்சு போகுது. உறைமோர் விட்டா அதே பால் தயிராகுது. தயிரும் புளிதானே? அப்ப ஏன் ரெண்டும் வேற மாதிரி?"

சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத எருமைத் தயிரை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சிறுவயதிலிருந்தே பார்க்கிறார்கள். இப்படியொரு கேள்வி மட்டக்களப்பிலிருந்துதான் வரவேண்டும்.

தெரிந்த பகுதியை விரைவாக முடித்துவிடுகிறேன். உறைமோரிலுள்ள பற்றீரியாக்கள் பாலின் சீனியான லக்ரோஸை உடைத்துச் சக்தி பெறுகின்றன. கழிவாக லக்ரிக் அமிலத்தை வெளியே விடுகின்றன. லக்ரோஸிலிருந்து வரும் குளுக்கோஸ் உடைந்து பைருவேற் என்ற சிறு மூலக்கூறு ஆகும் பத்துப் படிகளும் அந்தப் பற்றீரியாவுக்கும் நமக்கும் பொதுவானவை. மூச்சிரைக்க ஓடும்போது நம் தசைகளும் பைருவேற்றை லக்ரேற்றாக, அதாவது லக்ரிக் அமிலத்தின் அயன் வடிவமாக மாற்றுகின்றன. புளித்த பாலிலிருந்து இந்த அமிலத்தை 1780 இல் முதலில் பிரித்தெடுத்தவர், சுவீடனில் வாழ்ந்த கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. சரி, அமிலம் வந்துவிட்டது. அது பாலை என்ன செய்கிறது?

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பாலிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசீன். அது தனித்தனி மூலக்கூறுகளாக மிதப்பதில்லை. ஆயிரக்கணக்கான கேசீன்கள் சேர்ந்து ஓர் உருண்டையாக இருக்கும். மைசெல் என்ற இந்த உருண்டையின் விட்டம் சராசரியாக 150 நனோமீற்றர் அளவில். ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் சில நூறு உருண்டைகளை வரிசையாக வைக்கலாம். உள்ளே கல்சியமும் பொஸ்பேற்றும் நுண்ணிய பொட்டலங்களாகக் கட்டப்பட்டிருக்கும். கன்றின் எலும்புக்கு வேண்டிய அளவு கல்சியம் பொஸ்பேற் தண்ணீரில் கரையாது. கேசீன் அதைப் பிடித்து வைத்திராவிட்டால் மடிக்குள்ளேயே கல்லாகப் படிந்துவிடும். ஒரு தாய்மாடு தன் கன்றுக்கு எலும்பைத் திரவமாக ஊட்டுகிறது என்பதை நினைக்கும் போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

உருண்டையின் வெளிப்புறத்தை றம்புட்டான் பழம்போல நினைத்துக்கொள்ளுங்கள். கப்பா கேசீன் என்ற புரதத்தின் முனைகள் தும்பு தும்பாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் எதிர் (நெகற்றிவ்) மின்னேற்றம். எதிரும் எதிரும் தள்ளும். தும்பும் தும்பும் முட்டும். அதனால் உருண்டைகள் கிட்ட வந்தாலும் ஒட்டுவதில்லை, பால் பாலாகவே இருக்கிறது.

புளிப்பை அளக்கும் எண் பிஎச்; அது குறையக் குறைய அமிலம் கூடும். புதுப்பாலின் பிஎச் 6.6 அளவில் இருக்கும். அமிலம் கூடக்கூட ஐதரசன் அயன்கள் அந்த எதிர் ஏற்றங்களில் போய் அமர்கின்றன. தும்புகள் சோர்ந்து படிகின்றன. உள்ளேயிருந்த கல்சியம் பொஸ்பேற் கரைந்து வெளியேறுகிறது. பிஎச் 4.6 ஆகும்போது, அதாவது ஐதரசன் அயன் செறிவு நூறு மடங்கு கூடியபிறகு, கேசீனின் நேர் ஏற்றமும் எதிர் ஏற்றமும் சமனாகிவிடும். தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. உருண்டைகள் ஒட்டத் தொடங்குகின்றன.

தேசிக்காய்ப் புளியும் இதே ஏற்றத்தைத்தான் அழிக்கிறது. வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. கொதிக்கும் பாலில் புளி விழுந்த இடத்தில் உருண்டைகள் ஒரே நொடியில் காப்பிழந்து, கிடைத்த பக்கமெல்லாம் மோதிக் கட்டியாகிச் சுருங்கி, தண்ணீரைப் பிழிந்து தள்ளுகின்றன. உறைமோரின் பற்றீரியாக்களோ பால் முழுவதும் பரவியிருந்து, இரவு முழுக்க, எல்லா இடத்திலும் ஒரே அளவாக, கொஞ்சம் கொஞ்சமாக அமிலம் விடுகின்றன. உருண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலியாக இணைந்து, சங்கிலிகள் பின்னி வலையாகி, அந்த வலைக்குள் தண்ணீர் முழுவதும் அகப்பட்டுக்கொள்கிறது. தயிரில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆனாலும் ஒழுகுவதில்லை!

இதற்கு ஆய்வுகூடத்தில் அழகான சான்று உண்டு. குளுக்கோனோ டெல்ற்றா லக்ரோன் என்ற தூளைப் பாலில் கரைத்தால் அது மெதுவாக நீருடன் சேர்ந்து அமிலமாக மாறும். ஒரு பற்றீரியாகூட இல்லாமலே பால் தயிர்போல உறைந்துவிடும். இன்னொன்று: பாலைப் பனிக்கட்டிக் குளிரில் வைத்து 4.6 வரை புளிக்கச் செய்தாலும் உறையாது. பிறகு அசைக்காமல் சூடேற்றினால் உறையும். ஒட்டுவதற்கு வெதுவெதுப்பும் வேண்டும், அது நம் ஊரில் குறைவில்லை. எருமைப்பாலில் கொழுப்பும் கேசீனும் கூட. அதனால் வலையும் நெருக்கம். மண்சட்டி தன் நுண்துளைகளால் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சி இன்னும் இறுக்குகிறது.

துடக்கோடு, அதாவது மாதவிடாயோடு இருக்கும் பெண் பால்சட்டியைத் தொட்டால் தயிர் உறையாது என்று இன்றும் சொல்கிறார்கள். எங்கள் சொந்தத்திலேயே ஒரு புதுமருமகள் இதற்காக அழுததை நான் பார்த்திருக்கிறேன். பற்றீரியாவுக்குத் துடக்குத் தெரியாது. தயிர் உறையாவிட்டால் உறைமோரைக் கொதிசூட்டில் விட்டீர்களா என்று பாருங்கள். அப்புறம், மடிவீக்கத்துக்கு ஊசி போட்ட மாட்டின் பாலா என்று பட்டிக்காரரிடம் கேளுங்கள். பாலில் பென்சிலின் மிகச் சிறிய அளவு தங்கியிருந்தாலே உறைமோரின் பற்றீரியா வளராது. ஊசிக்குப்பின் எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்று மிருகவைத்தியர் சொல்வது இதற்காகவும்தான்.

நம் பட்டிகளில் தலைமுறை தலைமுறையாகச் சட்டியிலிருந்து சட்டிக்குப் போகும் உறைமோரில் என்னென்ன பற்றீரியா வகைகள் வாழ்கின்றன என்பதை ஒவ்வொரு ஊராகப் பதிந்து, சேமித்து வைக்க வேண்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. படிக்க ஆசைப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இதற்கு யாராவது பணம் ஒதுக்குங்கள் என்று வெட்கமில்லாமல் கேட்கிறேன். கடைகளில் வாங்கும் உறை எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டால், இழந்ததைத் தேடவும் வழியிருக்காது.

தங்கச்சி, நாளைக்குத் தயிரில் ஒரு கரண்டி அள்ளிவிட்டு அந்தக் குழியைக் கொஞ்ச நேரம் பாருங்கள். வலை அறுந்த இடத்தில் தண்ணீர் ஊறி நிற்கும். அதில் தெரியும் மெல்லிய பச்சைசாய்ந்த மஞ்சள் நிறம் ரைபோபிளேவின், விற்றமின் பி2. அதை ஊற்றிவிடாமல் குடியுங்கள்.