லாக்லைன்: படித்தவர் எழுதிய வரி

ஒரு திரைக்கதையை ஓரிரு வாக்கியங்களில் சொல்வதுதான் லாக்லைன். கதை யாருடையது, அவருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, தோற்றால் எதை இழப்பார் என்பதெல்லாம் அதில் தெரிய வேண்டும். முடிவைச் சொல்லத் தேவையில்லை. முடிவையும் சேர்த்து ஓரிரு பக்கம் எழுதினால் அது கதைச்சுருக்கம். போஸ்டரில் அச்சாகும் கவர்ச்சி வரிக்கு டேக்லைன் என்று பெயர். அது டிக்கெட் வாங்கப் போகிறவருக்கானது. லாக்லைன் படத்தை எடுக்கப் போகிறவர்களுக்கானது.

சொல் கப்பலிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் லாக் என்றால் மரக்கட்டை. பாய்மரக் கப்பல்களில் வேகத்தை அளக்க, கயிற்றில் கட்டிய மரத்துண்டு ஒன்றைப் பின்பக்கமாகக் கடலில் போடுவார்கள். கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள் இருக்கும். சிறிய மணற்கடிகாரம் ஒன்று ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைத் தாண்டின என்று எண்ணிப் பதிவேட்டில் குறிப்பார்கள். அந்தப் பதிவேடு லாக்புக் ஆனது. கயிற்றின் பெயரே லாக்லைன். கப்பல் வேகத்தை இன்றும் 'நாட்' கணக்கில் சொல்வது அந்த முடிச்சுகளால்தான். (கோடம்பாக்கத்தில் "கதையில நாட் என்ன?" என்று கேட்பதும் முடிச்சைத்தான்; ஆனால் அது கதைச் சிக்கல், இந்தக் கயிற்றோடு உறவில்லாதது.)

நாளடைவில் லாக் என்பது எந்தப் பதிவேட்டுக்கும் பொதுப் பெயராயிற்று. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் தங்களிடம் வந்து குவிந்த கதைகளைப் படிக்கவென்றே ஆட்களை வைத்திருந்தன. அவர்கள் படித்ததைப் பதிவு செய்யும்போது ஒவ்வொரு கதைக்கும் எழுதி வைத்த ஒற்றை வரியே லாக்லைன் என்பது திரைத்துறையில் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இன்றும் அங்கே கதை வாசிப்பாளர் தரும் 'கவரேஜ்' அறிக்கையின் தலைப்பகுதியில் லாக்லைன் இருக்கும். எழுதுபவர் வாசிப்பாளர்தான், கதாசிரியர் அல்ல.

எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. லாக்லைன் என்பது படித்தவர் மனதில் கதை எப்படிப் பதிந்தது என்பதன் குறிப்பு. அதைக் கதாசிரியரே எழுதத் தொடங்கியபோது அது தன் கதைக்குத் தானே தரும் விளம்பரமாக மாறிவிட்டது. பிறரிடம் காட்டிக் கருத்துக் கேட்பதுதான் அந்த வரியை மறுபடி படித்தவரிடம் ஒப்படைக்கும் வழி.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'கதைக்கரு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது பொருந்தாது. சிலப்பதிகாரத்தின் பதிகம், அரசியலில் பிழைத்தவர்க்கு அறமே எமனாகும், பத்தினியை உயர்ந்தோரும் போற்றுவர், ஊழ்வினை விடாது வந்து சேரும் என்று மூன்றைச் சொல்கிறது. அவை கரு. 'கணவனைக் கள்வனென்று கொன்ற மன்னனிடம், ஒற்றைச் சிலம்பை மட்டும் சான்றாக ஏந்தித் தனியாக நீதி கேட்கப் போகிறாள் ஒரு வணிகப் பெண்' என்றால் அது லாக்லைன். ஆள் வந்தாயிற்று, எதிராளி வந்தாயிற்று, அடுத்து என்ன என்ற கேள்வியும் வந்தாயிற்று.

நம் சினிமாக்காரர்கள் 'ஒன்லைன்' என்கிறார்கள். ஆனால் காட்சிக்கு ஒரு வரியாக முழுப் படத்தையும் வரிசைப்படுத்தும் 'ஒன்லைன் ஆர்டர்' என்ற வேறொன்றும் இருப்பதால் குழப்பம் வருகிறது. 'ஒருவரிக் கதை' புரியும். ஆனால் நீளத்தைத்தான் முன்னே நிறுத்துகிறது. நான் 'கதைவரி' என்பதைத் தேர்ந்தெடுக்கிறேன். சின்னச் சொல், 'கதைவரியைத் திருத்து' என்று புழங்கவும் எளிது.

எப்படித் திருத்துவது? புதிதாக எழுதுகிறவர்களிடம் அடிக்கடி வருவது இந்த மாதிரி வரி: 'கணவனை இழந்த ஒரு பெண் பல தடைகளைத் தாண்டி வெற்றி பெறும் உணர்ச்சிகரமான கதை.' இதற்கு "சூப்பர்" என்றாலும் "பஞ்ச் இல்லை" என்றாலும் எழுதியவருக்கு ஒன்றும் கிடைக்காது. கேள்விதான் உதவும். அவள் என்ன வேலை செய்கிறாள்? பல தடை வேண்டாம், பெரிய தடை எது? எதில் வெற்றி? எழுதியவரிடம் பதில் இருக்கும், வரியில்தான் இருக்காது. கேட்கக் கேட்க அது வெளியே வரும்: 'கணவனின் படகு கடனுக்குப் போய்விடாமல் காக்க, பெண்கள் கடலுக்குப் போகக் கூடாது என்ற ஊர்க்கட்டுப்பாட்டை மீறித் தானே மீன்பிடிக்கப் போகிறாள், நீச்சல் தெரியாத ஒரு மீன்காரி.'

இப்போது கதை இருக்கிறது. இன்னும் ஒரு கேள்வி பாக்கி: அவளைத் தடுக்கும் ஆள் யார்? இங்கேதான் கருத்துச் சொல்பவர் கவனமாக இருக்க வேண்டும். "ஊர்த்தலைவரை அவள் அண்ணனாக்கிவிடு, செமையா இருக்கும்" என்று சொல்லும்போது அவர் தன் படத்தை எழுதத் தொடங்கிவிடுகிறார். யார் என்று கேட்பதோடு நிறுத்திக்கொண்டால், எழுதியவர் யோசித்து 'மாமனார்' என்பார். மகனைக் கடலுக்குப் பறிகொடுத்தவர், மருமகளையும் இழக்க மாட்டேன் என்று நிற்கிறார். இது வெளியிலிருந்து யாரும் தந்திருக்க முடியாத பதில். அதன்பின் வரி மட்டுமல்ல, திரைக்கதையே மாறும்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. நம் வினை கடைசியில் வரும். எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடைத்தால் எச்சங்கள் வரிசைகட்டி நிற்கும். நாயகி யாரென்று தெரிவதற்குள் படிப்பவர் களைத்துவிடுவார். ஒரே வாக்கியம் என்ற விதியைத் தளர்த்தலாம். 'நீச்சல் தெரியாத மீன்காரி ஒருத்தி, கடனில் போகவிருக்கும் கணவனின் படகை மீட்கத் தானே கடலுக்குப் போக முடிவெடுக்கிறாள். முதலில் குறுக்கே நிற்பவர், மகனை அதே கடலில் இழந்த மாமனார்.' ஆள் முதலிலேயே வந்துவிடுகிறாள். இரண்டு வாக்கியமானால் என்ன, தெளிவாகத்தானே இருக்கிறது. பெயர் சொல்லவில்லை என்பதையும் பாருங்கள்; 'செல்வி' என்பதைவிட 'நீச்சல் தெரியாத மீன்காரி' அதிகம் சொல்கிறது.

கருத்துக் கேட்பதில் எனக்கு நம்பிக்கையான வழி ஒன்றுதான். வரியைக் கேட்டவரிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். மறுநாள் கூப்பிட்டு, தாளைப் பார்க்காமல் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் மாமனாரை விட்டுவிட்டால், உங்கள் வரியில் மாமனார் இன்னும் சரியாக வந்து சேரவில்லை.