கோவெண்டர் என்றால் கோயம்புத்தூரா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து எனக்கு வரும் மின்னஞ்சல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "எங்கள் குடும்பப் பெயர் கோவெண்டர். கோயம்புத்தூர்ப் பக்கம் எங்கள் சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா?" வம்சாவளி தேடித் தருவதுதான் என் தொழில். இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் ஒன்றைத்தான் எழுதுவேன்: பெயரை ஓரமாக வைத்துவிட்டு, எண் இருக்கிறதா பாருங்கள்.

கோவெண்டர் என்பது கவுண்டர்தான். ஆனால் கவுண்டர் என்றதும் கொங்கு நாட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது. சேலம், தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கம் வன்னியர்களுக்கும் கவுண்டர் என்ற பட்டம் உண்டு. அதே வன்னியர்கள் கடலூர், விழுப்புரம் பக்கம் போனால் படையாச்சி, செங்கல்பட்டுப் பக்கம் போனால் நாயக்கர். அந்த நாயக்கர் பட்டமோ தெலுங்கு பேசுகிறவர்களுக்கும் உண்டு. பிள்ளை பட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், எத்தனையோ சாதியார் போட்டுக்கொள்கிறார்கள். ஆக, டர்பனில் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு கோவெண்டர் வீடுகளுக்குள் எந்த ஒட்டும் உறவும் இல்லாமல் போகலாம். எதிர்வீட்டுப் படையாச்சி பங்காளியாகவும் இருக்கலாம்.

கப்பல் ஏறியபோது நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் ஏறியவர்கள். கப்பல் பதிவேட்டில் தன் பெயருக்கு ஒரு கட்டம், அப்பா பெயருக்கு ஒரு கட்டம், சாதிக்கு ஒரு கட்டம். குடும்பப் பெயருக்கென்று கட்டம் இல்லை. பிள்ளைகள் பிறந்து, பள்ளிக்கூடம், கல்யாணப் பதிவு என்று வந்தபோதுதான் கடைசிப் பெயர் தேவைப்பட்டது. சிலர் சாதிப் பட்டத்தைச் சொன்னார்கள், சிலர் அப்பா பெயரைச் சொன்னார்கள். முனுசாமியும் பெருமாளும் வீராசாமியும் இன்று குடும்பப் பெயர்களாக இருப்பது அப்படித்தான். கப்பலில் இல்லாத பட்டம் இரண்டாம் தலைமுறையில் முளைத்த கதையும் உண்டு. அதை வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான் பார்த்த ஒரு குடும்பத்தில் கூடப்பிறந்த மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர். மூத்தவர் பட்டத்தை எடுத்துக்கொண்டார், நடுவில் உள்ளவர் அப்பா பெயரை. கடைசித் தம்பியின் பிள்ளைகளுக்குத் தம்பியின் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. நாலாவது தலைமுறையில் இந்த மூன்று கிளைக்கும் ஒருவரையொருவர் தெரியாது.

சரி, எண் என்றேனே. ஒப்பந்தத்தில் நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுத்தார்கள். அந்த எண் பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, கல்யாணப் பதிவு, இறப்புப் பதிவு என்று பின்னாலேயே வரும். கொள்ளுப்பாட்டியின் பழைய காகிதம் எதிலாவது அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அதை வைத்துக் கப்பல் பட்டியலுக்குப் போனால் அப்பா பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும் இருக்கும். முனுசாமிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் பட்டியலில் ஒருவரை அடையாளம் காட்டுவது சில நேரம் அந்தத் தழும்புதான். அப்புறம், முன்னும் பின்னும் பத்துப் பத்து எண்களையும் பார்த்துவிடுங்கள். ஒன்றாகப் பதிந்த குடும்பத்துக்கு அடுத்தடுத்த எண்கள் விழுந்திருக்கும். பட்டியலில் பெயரே இல்லையென்றால் உடனே சோர்ந்துவிட வேண்டாம். சொந்தக் காசில் டிக்கெட் வாங்கிப் போனவர்கள் அதில் இருக்க மாட்டார்கள்.

ஜில்லா பெயரில் இன்னொரு வழுக்கல். வட ஆர்க்காடு என்று பார்த்ததும் வேலூருக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். 1911இல் சித்தூர் தனி ஜில்லா ஆகும் வரை சித்தூரும் வட ஆர்க்காடுதான். தேடும் கிராமம் இன்று ஆந்திராவில் இருக்கலாம். திருப்பத்தூர் அப்போது சேலம் ஜில்லா. கிராமத்தின் பெயரோ, காதில் விழுந்ததை ஒரு குமாஸ்தா ஆங்கிலத்தில் எழுதியது. ஒரே எழுத்துக்கூட்டலுக்கு நாலைந்து ஊர்கள் பொருந்திவிடும்.

அங்கேதான் குலதெய்வம் கைகொடுக்கும். தமிழ் ஒரு வார்த்தை தெரியாத ஒரு அம்மா, தன் பாட்டி முதல் மொட்டைக்குச் சொல்லும் சாமி பெயரை மட்டும் நினைவில் வைத்திருந்தார்: பச்சையம்மன். கையிலிருந்த நாலு ஊர்களில் அந்தக் கோயில் இருந்தது ஒன்றில்தான். இதுவும் முடிவான ஆதாரம் ஆகாது, எங்கே முதலில் போவது என்று காட்டும், அவ்வளவே. மரபணுச் சோதனையை நான் இதற்கும் கீழேதான் வைப்பேன். சொந்தத்துக்குள்ளேயே பல தலைமுறை பெண் கொடுத்துப் பெண் எடுத்த சமூகங்களில், தூரத்து உறவுகூட நெருங்கிய உறவு மாதிரி காட்டும்.

"உங்கள் ஊரையும் பங்காளிகளையும் ஒரே வாரத்தில் காட்டுகிறோம்" என்று முன்பணம் கேட்கிறவர்களிடம் கப்பல் பட்டியலின் வரியைக் காட்டச் சொல்லுங்கள். குடும்பப் பெயரை மட்டும் வைத்து ஊர் காட்டுகிறவர் யாரோ ஒருவர் வீட்டைத்தான் காட்டுவார்.

ஊருக்குப் போகும்போது பழைய பத்திர நகல் எதையும் எடுத்துப் போகாதீர்கள். பச்சையம்மன் ஊரில் நாங்கள் போய் நின்றதும் திண்ணையில் இருந்த பெரியவர் கேட்ட முதல் கேள்வியே "நிலத்துக்கா வந்திருக்கீங்க?" என்பதுதான். இல்லை என்று நம்ப வைக்க அன்று பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் காலையில்தான் அவர் தன் தாத்தாவின் பெயரையே சொன்னார்.