சென்டாய்: சொல் விளக்கம்

நிறத்துக்கொரு வீரராக அணி சேர்ந்து சண்டை போடும் அமெரிக்கச் சிறுவர் தொடரான பவர் ரேஞ்சர்ஸ் பற்றிப் பேச்சு வந்தால் 'சென்டாய்' என்ற சொல்லும் கூடவே வந்துவிடும். ஜப்பானிய மொழியில் 'சென்' என்றால் போர், 'டாய்' என்றால் அணி. உண்மையான ராணுவச் சொல் இது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் கடற்படை தன் கப்பல் பிரிவுகளையும், தரைப்படை தன் விமானப் பிரிவுகளையும் இப்படித்தான் அழைத்தன.

சிறுவர் தொலைக்காட்சியில் இந்தச் சொல்லை நிலைநிறுத்தியது, 1975 ஏப்ரலில் டோயெய் நிறுவனம் தொடங்கிய 'ஹிமிட்சு சென்டாய் கோரேஞ்சர்'. உருவாக்கியவர் மங்கா (ஜப்பானியப் படக்கதை) ஓவியர் ஷோட்டாரோ இஷினோமோரி. ஹிமிட்சு என்றால் ரகசியம், கோ என்றால் ஐந்து. ரேஞ்சர் ஆங்கிலத்திலிருந்து வந்தது. எதிரிகள் அழித்த பாதுகாப்புத் தளங்களில் உயிர் தப்பிய ஐந்து பேர், ஆளுக்கொரு நிறத்தில் உடை போட்டுக்கொண்டு திருப்பி அடிப்பதுதான் கதை. படைப்பெயர் அங்கே கச்சிதமாகப் பொருந்தியது.

அப்புறம் இது 'சூப்பர் சென்டாய்' என்ற நீண்ட வரிசையாக வளர்ந்தது. அதில் 1992இல் வந்த 'கியோரியூ சென்டாய் ஜூரேஞ்சர்' தொடரின் சண்டைக் காட்சிகளை அமெரிக்கத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஹைம் சபானின் நிறுவனம் வாங்கி, பள்ளி மாணவர்கள் வரும் பகுதிகளை அமெரிக்காவில் புதிதாக எடுத்துச் சேர்த்தது. 1993 ஆகஸ்ட் 28இல் பவர் ரேஞ்சர்ஸ் ஒளிபரப்பானது. ஒட்டுப்போட்ட இடம் உடையிலேயே தெரியும். இளஞ்சிவப்பு உடையில் குட்டைப் பாவாடை உண்டு, மஞ்சள் உடையில் இல்லை. ஜப்பானியக் கதையில் மஞ்சள் வீரர் ஆண். அமெரிக்கக் கதையில் அது ட்ரினி என்ற பெண்.

பெயரில் சென்டாய் உதிர்ந்து ரேஞ்சர் மட்டும் தங்கியது. ஆங்கிலத்திலிருந்து ஜப்பான் போன சொல், ஜப்பானிலிருந்து மறுபடி ஆங்கிலத் தலைப்புக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. ரேஞ்சர் என்றால் ஓர் எல்லைக்குள் சுற்றிவந்து காவல் காப்பவர். நம் வனத்துறையில் அவர் வனச்சரகர். அந்தச் சொல்லை இங்கே வைத்தால் காக்கிச்சட்டைதான் நினைவுக்கு வரும்.

சரி, சென்டாயைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'குழு' என்றால் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதுபவர்கள் போல ஆகிவிடும். வெறும் 'அணி' கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. 'படையணி'தான் சரியான சொல். இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் ரெஜிமென்ட்டைக் குறிக்க அன்றாடம் புழங்குகிறது. போர், அணி என்ற இரு உறுப்புகளுக்கும் அதில் இடம் இருக்கிறது. சூப்பர் சென்டாய் என்பது வணிகப் பெயர், அதை அப்படியே விட்டுவிடலாம். வகையைச் சொல்லும்போது 'படையணித் தொடர்' என்று எழுதலாம். 'கியோரியூ சென்டாய்' அப்போது 'டைனோசர் படையணி' ஆகும்.