கத்தரிப்பூவை உலுக்கும் வண்டு

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் சமூகத் தோட்டத்தில் கத்தரி நட்டிருக்கிறோம். பூ நிறையப் பூக்கிறது, காய் மட்டும் பிடிக்கவில்லை. கண் பட்டுவிட்டது என்கிறார் பக்கத்துப் பாத்திக்காரர். தேன்கூட்டுப் பெட்டி வைத்தால் சரியாகுமா?"

கண் பட்டுப் பூ உதிரும் என்றால் ஊட்டி மலர்க் கண்காட்சியில் ஒரு பூகூட மிஞ்சாது. அதை விடுங்கள். தேன்கூட்டுப் பெட்டியும் இங்கே பெரிதாக உதவாது. கத்தரிப்பூவின் அமைப்பு அப்படி.

மகரந்தம் சூல்முடியில் சேர்ந்தால் காய் என்பது பள்ளியில் படித்ததுதான். பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் வெடித்து, தூள் வெளியே வந்துவிடும். கத்தரியில் அது நடக்காது. ஊதா இதழ்களின் நடுவே மஞ்சளாகக் கூம்புபோல் நிற்பவைதான் மகரந்தப்பைகள். ஒவ்வொன்றின் நுனியிலும் பொடிப்பொடியாக இரண்டு துளைகள். தூள் வெளியேற வேறு வழி இல்லை. பூவில் தேனும் கிடையாது. பெட்டியில் வளரும் தேனீ வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். காற்றில் செடி ஆடும்போது கொஞ்சம் தூள் உதிர்ந்து ஓரளவு காய் பிடிக்கும், அவ்வளவுதான்.

இந்தப் பூட்டைத் திறக்கத் தெரிந்தவர்கள் சிங்கப்பூரிலேயே இருக்கிறார்கள். ஒன்று, பட்ட மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டு (வண்டு என்கிறோம், தேனீ இனம்தான்). இன்னொன்று, வயிற்றில் நீல வளையங்கள் மின்னும் நீலவரித் தேனீ. இரண்டும் தேன் சேமிப்பதில்லை, பெருங்கூட்டமாக வாழ்வதுமில்லை.

காலையில் கத்தரிச் செடி அருகே கொஞ்ச நேரம் நின்று கேளுங்கள். கருவண்டு வரும்போது கனமான ரீங்காரம். பூவைப் பிடித்துத் தொங்கியதும் ரீங்காரம் நிற்கும். பிறகு, சட்டென்று சுருதி ஏறிய ஒரு 'ஞீங்'; ஒரு வினாடிகூட இருக்காது. மறுபடி ஒரு 'ஞீங்'. என்ன நடக்கிறது? தேனீயின் பறக்கும் தசைகள் இறக்கையில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. அவை மார்புக் கூட்டை மேலும் கீழும், முன்னும் பின்னும் மாறிமாறி நெருக்குகின்றன. கூடு அதிர, அந்த அதிர்வில்தான் இறக்கை அடிக்கிறது. ஒரு ஜோடித் தசை சுருங்கும்போது எதிர் ஜோடி இழுபடும்; இழுபட்ட தசை தானாகவே சுருங்கும். ஒவ்வொரு அடிக்கும் நரம்பு கட்டளை அனுப்ப வேண்டியதில்லை, அவ்வப்போது ஒரு தூண்டல் போதும். பூவில் உட்கார்ந்ததும் வண்டு இறக்கையை மடக்கிவிட்டு அதே தசைகளை ஓட விடுகிறது. பைக்கை நியூட்ரலில் போட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் சத்தம் ஏறுமே, அதேதான்: காற்றைத் தள்ளும் சுமை இல்லாததால் அதிர்வின் வேகம் கூடுகிறது. உடம்பே அதிர, மகரந்தப்பை அதிர, உள்ளே தூள் சுவரில் மோதித் துளை வழியே புகையாகப் பீய்ச்சுகிறது. பறந்து வந்ததில் வண்டின் உடலில் நிலைமின்னேற்றம் இருக்கும். தூள் வயிற்று முடியில் போய் அப்பிக்கொள்கிறது. வண்டு அதை வழித்துக் காலில் சேர்க்கும். கால் எட்டாத இடத்தில் மிச்சம் இருப்பது அடுத்த பூவின் சூல்முடிக்குப் போகிறது.

ஆஸ்திரேலியாவின் நீலவரித் தேனீ இன்னும் முரட்டு ஆள். தக்காளிப் பூவைக் கடித்துப் பிடிக்காமல், வினாடிக்கு ஏறக்குறைய 350 முறை தலையால் முட்டுகிறது என்று படம்பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். இப்படி உலுக்கலை நம்பியிருக்கும் தாவரங்கள் உலகில் 20,000 இனங்கள் அளவுக்கு இருக்கலாம் என்பது கணக்கு.

தோட்டம் மனிதரை எப்படி மாற்றுகிறது என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் இந்த வண்டுதான். சிங்கப்பூர் தன் உணவில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. பிளாஸ்டிக் உறையில் வரும் கத்தரிக்காய்க்குப் பின்னால் ஒரு வண்டு இருந்தது என்று யாருக்குத் தெரியும்? வீட்டு வராந்தாவில் அது வந்தால் துடைப்பத்தை எடுப்போம். இயற்கையோடு நேரடிப் பழக்கம் அற்றுப்போவதை அமெரிக்க இயற்கையாளர் ராபர்ட் பைல் 'அனுபவத்தின் அழிவு' என்றார். 2005இல் சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகம் 'கம்யூனிட்டி இன் ப்ளூம்' என்ற சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று அங்கே 2,000க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள். பச்சையைப் பார்த்தால் மனம் லேசாகும் என்பது இருக்கட்டும், பூங்காவில் நடந்தாலும் அது கிடைக்கும். கத்தரி நட்டவருக்கோ வண்டிடம் காரியம் ஆகவேண்டும். தேவை வந்ததும் கண் திறக்கிறது. கொசுவுக்கு அடிக்கிற புகை வேறு எதையெல்லாம் கொல்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

டோக்கியோவின் நெரிமா பகுதியில் தோட்டம் போடுகிறவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டு 2017இல் ஓர் ஆய்வு வந்தது. தோட்டக்காரர்களின் உடல்நலமும் அக்கம்பக்க உறவும் மேலாக இருந்தன. ஆனால் நல்ல உடம்பு உள்ளவர்தானே மண்வெட்டி எடுப்பார்? ஒப்பீட்டை வைத்து மட்டும் காரணம் சொல்ல முடியாது.

ஐரோப்பாவில் 1980களின் இறுதியிலிருந்து பசுமைக்குடில் தக்காளிக்காகவே, இதே போல் பூவை உலுக்கும் பம்பிள் தேனீக்களை வளர்த்து விற்கிறார்கள். அதனால் அதைப் பற்றி ஆராய்ச்சி குவிந்திருக்கிறது. நம் கருவண்டு தேனும் தராது, விற்கவும் முடியாது. நிதி கேட்டுப் போகிறவரிடம் "இதனால் வருமானம் என்ன?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? தட்டில் இருக்கும் கத்தரிக்காயைக் காட்டலாம்.

சரி, வாசகிக்கு. முதலில் பூவை உற்றுப் பாருங்கள். சூல்முடி மஞ்சள் கூம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் அது காய்க்கும் பூ. உள்ளேயே குட்டையாக ஒளிந்திருந்தால் எப்படியும் உதிரும். அதற்குக் கவலை வேண்டாம். நீண்ட பூக்களும் உதிர்ந்தால், காலையில் பேட்டரி டூத்பிரஷின் முதுகைக் கூம்பில் சில வினாடி வையுங்கள். கீழே கறுப்புத் தாள் பிடித்தால் தூள் கொட்டுவது தெரியும். இது தற்காலிகம்தான். வண்டு வர வேண்டுமென்றால் ஒரு பட்ட கட்டை கிடக்கட்டும். நீலவரித் தேனீ மண்ணில் துளையிட்டு முட்டை வைப்பது. அடுத்த கூட்டத்தில் யாராவது "பாதை முழுக்க சிமெண்ட் போட்டுவிடலாம்" என்றால், ஓர் ஓரத்தையாவது வெறும் மண்ணாக விடச் சொல்லுங்கள்.